ஹைபர்னேட் ஆகி அணையுது, ஆனா எழும்போது புது பூட்: சொந்த இனிட்ராம்எஃப்எஸ்ல எங்க தப்பு?

மஞ்சக்குப்பம்_பில்லிங்:
வணக்கம். கடலூர் மளிகைக் கடைகளுக்குப் பில்லிங் மெஷின் தயார் பண்றோம். வழக்கமான லினக்ஸ் கெர்னல்தான், இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் டிஸ்க்கைத் திறக்கறதுக்கு முன்னாடி ரேம்ல ஓடற சின்னத் தொடக்க சிஸ்டம்) மட்டும் நாங்களே எழுதினது. 8 ஜிபி ரேம், என்விஎம்இ எஸ்எஸ்டி, இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம்ல ரூட் (முக்கிய பார்ட்டிஷன்), அதுக்குள்ளயே 4 ஜிபி ஸ்வாப் ஃபைல் (ரேம்ல இருக்கிறதை டிஸ்க்ல ஒதுக்கி வைக்கிற இடம்). கரன்ட் போனா யுபிஎஸ் 5 நிமிஷம் தாங்கும். அதுக்குள்ள ரேமை டிஸ்க்ல எழுதி அணையணும், அதாவது ஹைபர்னேட் ஆகணும். கரன்ட் வந்ததும் பாதி போட்ட பில் அப்படியே திரையில நிக்கணும்.

அணையறது சரியாத்தான் அணையுது. திரும்பப் போட்டா புதுசா பூட் ஆகுது. கெர்னல் வரியில 'ரெஸ்யூம்' இடத்துல ரூட் பார்ட்டிஷனோட யுயுஐடி (அடையாள எண்), கூடவே ஆஃப்செட்டும் (ஸ்வாப் ஃபைல் தொடங்கற இடம்) கொடுத்திருக்கேன். ஸ்வாப்பை இயக்கற ஸ்வாப்ஆன் கட்டளை ஓடும்போது மட்டும் 'சாஃப்ட்வேர் சஸ்பெண்ட் டேட்டா டிடெக்டட், ரீரைட்டிங் த ஸ்வாப் சிக்னேச்சர்'னு ஒரு வரி வருது.

நெல்லித்தோப்பு_கெர்னல்:
அந்த ஒரு வரியிலயே பாதி விடை இருக்கு தம்பி. ஹைபர்னேட் ஆகும்போது ஸ்வாப் தலைப்புல இருக்கிற 'ஸ்வாப்ஸ்பேஸ்2' முத்திரையை மாத்தி 'எஸ்1சஸ்பெண்ட்'னு கெர்னல் குத்திடும். ஸ்வாப்ஆன் பார்த்தது அதைத்தான். அப்படின்னா இமேஜ் (டிஸ்க்ல எழுதின ரேம் நகல்) ஒழுங்கா எழுதியாச்சு, படிக்கத்தான் யாரும் வரலை.

/சிஸ்/பவர்/ரெஸ்யூம் ஃபைலைத் திறந்து பாருங்க. 0:0ன்னு இருக்கும். நீங்க கொடுத்த மாதிரி ஃபைல்சிஸ்டம் யுயுஐடியைக் கெர்னலுக்குத் தானா புரிஞ்சுக்கத் தெரியாது. பார்ட்யுயுஐடி (பார்ட்டிஷன் டேபிள்ல இருக்கிற எண்) புரியும், ஆனா உங்க என்விஎம்இ டிரைவர் மாட்யூலா (கெர்னலுக்கு வெளிய தனியா ஏத்தற துண்டா) இருந்தா, கெர்னல் தேடுற நேரத்துல டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாது. பெரிய டிஸ்ட்ரோக்கள்ல இந்த வேலையை இனிட்ராம்எஃப்எஸ் ஸ்கிரிப்ட் செய்யுது. உங்க ஸ்கிரிப்ட்ல அது இல்லை. அப்புறம் எப்படி எழுதுச்சுன்னா, ரெஸ்யூம் முகவரி இல்லாதப்போ கையில கிடைச்ச முதல் ஸ்வாப்ல எழுதிடும். படிக்கறதுக்கு முகவரி கட்டாயம் வேணும்.

ஸ்கிரிப்ட்ல வரிசை இதுதான்: மாட்யூலை ஏத்துங்க, பிஎல்கேஐடி வச்சு யுயுஐடியை டிவைஸ் பேரா மாத்துங்க, /சிஸ்/கிளாஸ்/பிளாக் உள்ள அந்தப் பேர்ல இருக்கிற 'டெவ்' ஃபைல்ல 259:2 மாதிரி ஒரு ஜோடி எண் கிடைக்கும். முதல்ல ஆஃப்செட்டை ரெஸ்யூம்_ஆஃப்செட்ல எழுதுங்க, அப்புறம்தான் அந்த எண்ணை ரெஸ்யூம்ல. ரெஸ்யூம்ல எழுதின நொடியே மீட்பு தொடங்கிடும், அதனால வரிசையை மாத்தி எழுதாதீங்க. எண்ணை ஸ்கிரிப்ட்ல நிரந்தரமாப் பதிச்சு வைக்கவும் கூடாது, பூட்டுக்குப் பூட் மாறலாம்.

வில்லியனூர்_டிஸ்க்:
முக்கியமான ஒண்ணு சேர்க்கிறேன். இதெல்லாம் ரூட்டை மவுண்ட் பண்றதுக்கும், எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டம் சோதனை) ஓடறதுக்கும் முன்னாடி முடியணும். 'ரீட் ஒன்லியாத்தானே மவுண்ட் பண்றோம்'னு நினைக்காதீங்க. இஎக்ஸ்டி4 அப்பவும் ஜர்னலை (பாதியில நின்ன மாற்றங்களோட பதிவை) ரீப்ளே பண்ணி டிஸ்க்ல எழுதும். இமேஜுக்குள்ள இருக்கிற பழைய கெர்னலோ, டிஸ்க் தான் விட்டுட்டுப் போன நிலையில இருக்குன்னு நம்பி, கேஷ்ல இருக்கிறதை அதுமேல எழுதும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள் கழிச்சு பில் டேட்டாபேஸ் சிதைஞ்சு நிக்கும்.

மஞ்சக்குப்பம்_பில்லிங்:
எங்க ஸ்கிரிப்ட் ரூட்டைத்தான் முதல்ல மவுண்ட் பண்ணிட்டிருந்தது, மாத்திட்டேன். இப்ப சரியா எழும்புது. கையோட ஸ்வாப் ஃபைலை அழிச்சு 8 ஜிபியா புதுசு போட்டேன். உடனே 'கேனாட் ஃபைண்ட் ஸ்வாப் டிவைஸ், ட்ரை ஸ்வாப்ஆன் மைனஸ் ஏ'ன்னு நின்னுடுச்சு. ஸ்வாப்ஆன் போட்டாலும் அதேதான்.

நெல்லித்தோப்பு_கெர்னல்:
அந்தச் செய்தி ஆளைச் சுத்தவிடும். ஸ்வாப் ஓடிட்டுத்தான் இருக்கு. ஃபைல் டிஸ்க்ல வேற இடத்துக்குப் போயிடுச்சு, உங்க ஆஃப்செட் பழசு. ஃபைல்ஃப்ராக் மைனஸ் வி போட்டு, முதல் வரியில 'பிசிகல் ஆஃப்செட்' பத்தியோட முதல் எண்ணை எடுங்க. 4096 பைட் பிளாக் கணக்கு, அப்படியே போடலாம்.

8 ஜிபி வச்சது நல்லது. இமேஜ் அளவு இயல்பா ரேம்ல 5ல 2 பங்கு, உங்களுக்குச் சுமார் 3.2 ஜிபி. அது கெர்னல் எட்டப் பார்க்கிற இலக்குதான், கறாரான வரம்பு இல்லை. ஏற்கெனவே ஸ்வாப்ல இருக்கிற பக்கங்களும் அதே இடத்தைத்தான் பிடிக்கும்.

வில்லியனூர்_டிஸ்க்:
நேரக் கணக்கும் பாருங்க. 3 ஜிபி எழுத, நொடிக்கு 300 எம்பி எழுதற எஸ்எஸ்டிக்கு 10 நொடி. யுபிஎஸ் தாராளமா தாங்கும். சிக்கல் வேற இடத்துல வரும்: பின்னறை சர்வர்லேர்ந்து என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியா வர்ற ஃபைல்சிஸ்டம்) மவுண்ட் இருக்கா? கரன்ட் போனதும் நெட்வொர்க் ஸ்விட்ச் அணைஞ்சா, அதுல எழுதிட்டிருந்த புராசஸ் அப்படியே தொங்கும். கெர்னல் எல்லாப் புராசஸையும் உறைய வைக்க 20 நொடி பார்க்கும், ஒண்ணு உறையலைன்னாலும் 'டாஸ்க்ஸ் ரெஃப்யூசிங் டு ஃப்ரீஸ்'னு சொல்லி ஹைபர்னேட்டையே கைவிட்டுடும். மெஷின் முழுசா ஓடிட்டே இருக்கும், பேட்டரி தீர்ந்து சாயும்.

ஐப்பசி மழை தொடங்கறதுக்கு முன்னாடி ஸ்விட்சையும் யுபிஎஸ்ல மாட்டுங்க. ஹைபர்னேட் கட்டளை பிழையோட திரும்பினா, ஸ்கிரிப்ட் தானா வழக்கமான ஷட்டவுனுக்குப் போகட்டும். /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்ல 'ஃப்ரீசர்'னு எழுதிட்டு ஹைபர்னேட் கொடுத்தா, உறைய வச்சு 5 நொடியில தானா திரும்பிடும். ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்கிட்டு அந்தச் சோதனையை ஓட்டிப் பாருங்க. முடிஞ்சதும் 'நன்' (none)னு மாத்த மறக்காதீங்க.