டயட் கோலாவில் அஸ்பார்டேம்: பிரியாத இரண்டு பீக்குகள், உதவுங்களேன்

வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக டயட் கோலாவில் அஸ்பார்டேம், அசிசல்ஃபேம்-கே (இரண்டும் செயற்கை இனிப்பூட்டிகள்), காஃபீன், பென்சோவேட் (கெடாமல் காக்கும் பொருள்) நான்கையும் ஹெச்.பி.எல்.சி.யில் (கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் வரைபடத்தில் ஒரு பீக்காக, அதாவது முகடாகக் காட்டும் கருவி) அளக்கிறேன். சி18 காலம் (column, பொருள்களைப் பிரிக்கும் குழாய்), பிஹெச் 4.3 பாஸ்பேட் பஃபர், 15% அசிட்டோநைட்ரைல், 214 நானோமீட்டர் யூ.வி. ஒளி.

முதல் நாள் கோலாவின் வாயுவை வெளியேற்றாமலே ஊசியில் ஏற்றிவிட்டேன். குமிழி புகுந்து, ஒவ்வொரு ரன்னும் ஒரு கணக்குச் சொன்னது. இப்போது அல்ட்ராசோனிக்கில் கால் மணி நேரம் வைத்து, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுகிறேன். அது சரியாகிவிட்டது.

பிரச்சினை வேறு. அஸ்பார்டேமும் பென்சோவேட்டும் ஒட்டகத் திமில் மாதிரி ஒட்டிக்கொண்டே வருகின்றன. பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ (அது பாதி அயனியாகும் பிஹெச்) 4.2. பஃபர் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால், பிஹெச் கொஞ்சம் பிசகினாலும் பீக் நகர்கிறது என்பது என் ஊகம். பிஹெச்சை 3-க்கு இறக்கலாமா, அசிட்டோநைட்ரைலைக் குறைத்துப் பார்க்கலாமா? எங்கள் சி18 காலம் வேறு பழசு.

அப்புறம் இன்னொன்று: மேசையில் ஒரு வாரம் கிடந்த அஸ்பார்டேம் ஸ்டாண்டர்டில் (ஒப்பிட வைத்திருக்கும், அளவு தெரிந்த கரைசல்) பீக் சிறுத்து, பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. அஸ்பார்டேம் சிதைந்தால் வரும் டைகீட்டோபிப்பரசீனாக இருக்குமோ? ஸ்டாண்டர்டை தினமும் புதிதாகத்தான் கரைக்கிறீர்களா, ஃப்ரிட்ஜில் வைத்தால் தாங்குமா?

செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். குரோமட்டோகிராமை (பீக் வரைபடத்தை) கமெண்டில் போடுகிறேன்.