83-ஆல பெருக்குன ராத்திரி

கல்மண்டபம்:
எல்லாரும் கிரிப்டோல காசு வுட்ட கதையா போடுறீங்க, நான் ஒரு காயின்கூட வாங்காமயே தூக்கம் வுட்டவன், அத்தயும் கேளுங்க. ராயபுரத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு எழுதுறேன். 2024 ஜூலை, ரிட்டர்ன் போட 31 வரைக்கும்தான் டைம், டீக்குக்கூட எழுந்திரிக்க முடியாத நேரம். அப்போ பழைய வண்ணாரப்பேட்ட எம்.சி. ரோட்ல துணிக்கடை வெச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் பென்டிரைவோட வந்து நிக்கிறாரு. "தம்பி, கொஞ்சமா காயின் வாங்கி வித்துகினு இருந்தேன், அதையும் சேத்துடுப்பா." கொஞ்சம்னா எக்செல்ல 1,100 லைனு!

அதுல பாதி ரூபா மார்க்கெட்ல பண்ணது, மீதி யுஎஸ்டிடி, அதாவது டாலர் வெலைய ஒட்டி ஓடுற காயின், அத்த குடுத்து வாங்கி வித்தது. ரெண்டு தொகையும் ஷீட்ல ஒரே காலம்ல (column) கலந்து கீது, பக்கத்துல எது எந்த மார்க்கெட்னு இன்னொரு காலம். நான் அந்த இன்னொரு காலத்த பாக்கவே இல்ல. மேல நாலு வரி டாலர் மாதிரி சின்ன சின்ன தொகையா இருந்துச்சா, சரி எல்லாமே டாலர்தான்னு முடிவு பண்ணி, அப்போ டாலர் ரேட்டான 83-அ ஒரு செல்லுல அடிச்சி காப்பி பண்ணி மொத்தத்தையும் செலக்ட் பண்ணி பேஸ்ட் ஸ்பெஷல்ல மல்டிப்ளை குடுத்துட்டேன், சேவ் வேற பண்ணிட்டேன், அப்டியே சாஃப்ட்வேர்லயும் ஏத்தியாச்சு. அஞ்சு நிமிஷத்துல 1,100 வரி முடிச்சிட்டோம்னு ஒரே பெருமை.

லாபம் 25.8 லட்சம்னு வந்துச்சு. 30 பர்சன்ட் வரி, அதுக்கு மேல 4 பர்சன்ட் செஸ், கிட்டத்தட்ட 8 லட்சம். வாட்ஸப்ல அனுப்புனேன். பத்தே நிமிஷம், ஆடி தள்ளுபடி கூட்டத்த அப்டியே வுட்டுட்டு கழுத்துல இஞ்சி டேப்போட ஓடியாந்தாரு. "இன்னா தம்பி, நான் போட்டதே அவ்ளோ இல்லியேப்பா. நஷ்டம் வேற ஆச்சே, அத்த கழிச்சியா?"

இங்கதான் நான் பண்ண பெரிய தப்பு. தொகைய திரும்பி பாக்காம அவருக்கு சட்டம் சொல்ல ஆரமிச்சிட்டேன். வருமான வரி சட்டத்துல கிரிப்டோவுக்குன்னு இருந்த 115பிபிஎச் பிரிவு, 2022 ஏப்ரல்லேந்து இதான் ரூல், வாங்குன வெலைய மட்டும்தான் கழிக்கலாம், ஒரு காயின்ல வந்த நஷ்டத்த இன்னொரு காயின் லாபத்துல கழிக்கக்கூடாது, அடுத்த வருஷத்துக்கும் தூக்கிட்டு போக முடியாதுன்னு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தேன். சொன்னது எல்லாமே கரெக்ட்டு. கணக்குதான் தப்பு.

எங்க ஆபீஸ் சீனியர் அக்கா ஒண்ணுமே பேசல, அவர் பேருல முன்னாடியே புடிச்ச வரியெல்லாம் காட்டுற 26ஏஎஸ்ஸ மட்டும் தொறந்தாங்க. "194எஸ்ல டிடிஎஸ் எவ்ளோ புடிச்சிருக்கான்?" 7,300. "அது விக்கிறப்போவே எக்ஸ்சேஞ்சுக்காரன் புடிக்கிற 1 பர்சன்ட் வரி. அப்போ வித்தது 7.3 லட்சம். நீ 3.35 கோடின்னு வெச்சிகினு கீற." எனக்கு காது ரெண்டும் சூடாயிடுச்சு. 4 லட்ச ரூபாய்க்கு ரூபாயிலயே வித்தத 83-ஆல பெருக்கி 3.32 கோடி ஆக்கி வெச்சிருக்கேன்.

நல்லவேளை ஒரிஜினல் பென்டிரைவ்ல இருந்துச்சு. மார்க்கெட் காலம்ல ஃபில்டர் போட்டு யுஎஸ்டிடி லைன மட்டும் பெருக்குனா 7.1 லட்சம் வருது, இன்னும் 20,000 இடிக்குது. அதுக்கு ஒரு ராத்திரி. விஷயம் இன்னான்னா யுஎஸ்டிடி நம்மூர் எக்ஸ்சேஞ்சுல பேங்க் டாலர் ரேட்டுக்கு கெடைக்காது, அப்போ அஞ்சு ரூபா கிட்ட கூட வெச்சிதான் ஓடிச்சு. 83ங்கிற நம்பரே தப்பு. எக்ஸ்சேஞ்சோட டிடிஎஸ் ஸ்டேட்மென்ட்ல ஒவ்வொரு டிரேடுக்கும் ரூபா வேல்யூ இருக்கு, அத்த எடுத்து லைனுக்கு லைன் தேடி எடுக்குற விலுக்அப் ஃபார்முலா போட்டதும் சில்லறை வித்தியாசத்துல வந்து ஒக்காந்துச்சு. லாபம் 40,000, வரி 12,480, புடிச்சது போக அவர் கட்டுனது 5,180.

பெரம்பூர்:
உங்களுதாவது தனி ஆளு கணக்கு. எங்களுது பிரைவேட் லிமிடெட், கம்பெனி பேர்லயே காயின் வாங்கி வெச்சிருக்காங்க. டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல யூனிட்டுக்கு 4 டெசிமல் வரைக்கும்தான் வைக்கலாம், பிட்காயின் 8 டெசிமல் போகும். அது டேலி தப்புன்னு சொல்ல மாட்டேன், கிலோ, மீட்டர்னு கணக்கு எழுதுறவனுக்கு எதுக்கு எட்டு? நான்தான் யோசிக்காம 0.00012345ன்னு இருந்தத ஏத்தி 0.0001 ஆக்கிட்டேன். அப்புறம் யூனிட்டயே சதோஷின்னு மாத்தி, அதாவது 1 பிட்காயினுக்கு 10 கோடி சதோஷி, பழைய 412 வவுச்சரையும் ஒரே ராத்திரில திருத்தி ஏத்துனேன். கம்பெனின்னா 2023 ஏப்ரல்லேந்து யாரு எப்போ இன்னா திருத்துனான்னு பதியுற எடிட் லாக் (log) கட்டாயம், ஆஃப் பண்ணவும் கூடாது. ஆடிட்டர் வந்து லாக்க தொறந்தாரு, 412 லைனும் என் பேருல, ராத்திரி 11 மணி. "யாருப்பா இது, இன்னா மறைக்கிற"ன்னு பாத்த பார்வை இருக்கே! இப்போலாம் திருத்துறதுக்கு முன்னாடியே எதுக்குன்னு ஒரு பக்கம் எழுதி மேனேஜர் கையெழுத்து வாங்கி ஃபைல்ல வெச்சிடுறேன்.

கொருக்குப்பேட்டை:
நான் தொகையகூட தொடல ஜி, பேரதான் தொட்டேன். ஈடிஎச்னு சுருக்கமா இருக்கிற காயின் பேரெல்லாம் எதீரியம்னு மாத்தலாம்னு ரிப்ளேஸ் ஆல் குடுத்தேன். அந்த யுஎஸ்டிடிக்கு இன்னொரு பேரு டெதர், அத்த இங்கிலீஷ்ல எழுதுனா நடுவுல அதே மூணு எழுத்து வருது. டிஎதீரியம்இஆர்னு புதுசா ஒரு காயினே கண்டுபுடிச்சிட்டேன் 😂

அதவிட மோசம் டைம். ஃபைல் யுடிசில, அதாவது உலக பொது நேரத்துல இருந்துச்சு, 5:30 கூட்டி நம்ம டைமுக்கு கொண்டாந்தேன். மறந்துட்டு மறுநாள் இன்னொரு தடவ கூட்டிட்டேன். மார்ச் 31 சாயங்காலம் வித்ததெல்லாம் ஏப்ரல் 1 ஆயி அடுத்த வருஷத்துக்கு ஓடிப்போச்சு.

வண்ணாரப்பேட்டை:
விக்கிறப்போ எக்ஸ்சேஞ்சுக்காரன் புடிச்ச கமிஷன கழிக்கலாமா? அந்த துணிக்கடை அண்ணன் இன்னும் உங்க ஆபீஸுக்குதான் வர்றாரா?

கல்மண்டபம்:
கமிஷன் கழிக்க வுட மாட்டாங்க, வாங்குன வெல மட்டும்தான். டிஎதீரியம்இஆர் இன்னா ரேட்டு போவுது கொருக்குப்பேட்ட?

அண்ணன் வர்றாரு. இப்போ ரூபா தனி ஷீட்டு, யுஎஸ்டிடி தனி ஷீட்டு, அவரே பிரிச்சி எடுத்தாராரு. ஒரிஜினல் ஃபைலுக்கு "தம்பி தொடாதே"ன்னு பேரு வெச்சிருக்காரு.