உள்ளீடா, வெளியீடா? செய்துகாட்டும் சோதனைகள் தேவை

வணக்கம் நண்பர்களே. உள்ளீட்டு, வெளியீட்டுக் கருவிகளின் வேறுபாட்டை மாணவர்களுக்குச் செய்துகாட்டும் பாடம் ஒன்று தயாராகிறது. கீபோர்டு, மவுஸ் ஒரு பக்கம், மானிட்டர், பிரிண்டர் மறுபக்கம் என்று மனப்பாடம் செய்தால் போதாது. தரவு கணினிக்குள் போகிறதா, வெளியே வருகிறதா என்பதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.

கைவசம் இருக்கும் சோதனைகள் இவை. தொடுதிரை மானிட்டரில் எச்டிஎம்ஐ கேபிள் படத்தைக் கொண்டுவரும், யுஎஸ்பி கேபிள் தொடுதலைக் கணினிக்கு அனுப்பும். யுஎஸ்பியைக் கழற்றினால் படம் அப்படியே இருக்கும், தொட்டால் எதுவும் நடக்காது. (ஒரே டைப்-சி கேபிளில் ஓடும் மாடல் இதற்கு ஆகாது.)

ஹெட்செட்டின் 3.5 மி.மீ. பிளக்கில் நான்கு மின்தொடர்புகள்: இடது ஒலி, வலது ஒலி, கிரவுண்ட், மைக். டெஸ்க்டாப்பில் ஒலி வெளிவரும் பச்சை சாக்கெட்டில் மட்டும் செருகினால் பாட்டு கேட்கும், குரல் பதிவாகாது. அங்கே மைக்குக்கு இடமே இல்லை. ஒலியையும் மைக்கையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டு, மைக்குக்கான இளஞ்சிவப்பு சாக்கெட்டிலும் இணைத்தால் சரியாகும்.

மிகவும் பிடித்தது கீபோர்டு சோதனைதான். விண்டோஸ் கணினியில் இரண்டு கீபோர்டுகளை இணைத்து, ஒன்றில் கேப்ஸ் லாக் அழுத்தினால் இரண்டிலும் விளக்கு எரியும். விளக்கை ஏற்றுவது கணினி. அதாவது கீபோர்டுக்குள்ளும் ஒரு சின்ன வெளியீடு இருக்கிறது!

சிக்கல் மல்டிஃபங்ஷன் பிரிண்டரில். ஸ்கேனும் பிரிண்டும் ஒரே யுஎஸ்பி கேபிளில் போவதால் கழற்றிக் காட்ட வழியில்லை. ஸ்கேனரை மட்டும் டிவைஸ் மேனேஜரில் (இணைந்த கருவிகளைக் காட்டும் விண்டோஸ் பட்டியல்) முடக்கிவிட்டு பிரிண்ட் எடுத்துக் காட்டியவர்கள் உண்டா? எந்த மாடலில், எந்த டிரைவரில் (கருவியை இயக்கும் மென்பொருள்) சரியாக நடந்தது? அதிரும் கேம்பேடுக்கும் இதுபோல் ஒரு சோதனை இருந்தால் படிப்படியாக எழுதுங்கள்.