வைரஸ் வந்துட்டுப் போன கோழிக்கு அழற்சி குறைய மூலிகைச் சத்து குடுக்கலாமா?

பண்ணைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பிராய்லர் ஷெட்ல ஐபி (இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைடிஸ், கோழிக்கு மூச்சுக்குழாய்ல வர்ற வைரஸ் நோய்) வந்துடுச்சு, லேப்லயும் உறுதி பண்ணிட்டாங்க. இறப்பு பெருசா இல்ல ஆனா ராத்திரி ஃபேன நிறுத்திட்டு உள்ள நின்னு கேட்டா இன்னமும் கொர்ர் கொர்ர்னு மூச்சு சத்தம், கண்ணுல நீர், தீவனமும் சரியா எடுக்கல. வைரஸுக்கு நேரடி மருந்து இல்லனு டாக்டர் சொல்லிட்டார், அது எனக்கும் தெரியும். நான் கேக்குறது அழற்சிய பத்தி. மஞ்சள்ல இருக்குற குர்குமின், நிலவேம்போட ஆண்ட்ரோகிராஃபோலைடு, அதிமதுரத்துல உள்ள கிளைசிரைசின் இதெல்லாம் அழற்சிய அடக்கும்னு நிறைய படிச்சேன். நிஜமாவே கோழிக்கு உதவுமா? தண்ணில குடுக்குறதா தீவனத்துலயா?

கால்நடை டாக்டர்:
நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ஐபி வைரஸ் கொரோனா குடும்பத்த சேர்ந்தது, மூச்சுக்குழாய் உள்சுவர்ல இருக்குற மெல்லிய முடி மாதிரியான சீலியாவ அழிச்சிடும். வைரஸ் நுழைஞ்சது தெரிஞ்சதும் செல்லுக்குள்ள என்எஃப் கப்பா பி-ன்னு ஒரு புரதம் கிளம்பும், அதுதான் ஐஎல்-1 பீட்டா, ஐஎல்-6 மாதிரி சைட்டோகைன்கள (அழற்சிய கிளப்புற சேதிப் புரதங்கள) உற்பத்தி பண்ண வைக்குது, சளியும் வீக்கமும் அதோட விளைவுதான். குர்குமின் இந்த வழிய மட்டுப்படுத்துது, ஆண்ட்ரோகிராஃபோலைடு அந்தப் புரதத்தோட பி50 பகுதியிலயே போய் ஒட்டிக்கிட்டு அத டிஎன்ஏவுல உக்கார விடாம தடுக்குது. இது நல்லா தெரிஞ்ச விஷயம். ஆனா இதுல பெரும்பகுதி செல் கல்ச்சர்லயும் (லேப் தட்டுல வளத்த செல்லு) எலியிலயும் பாத்தது, உயிரோட இருக்குற கோழில ஆதாரம் அத விட ரொம்ப மெலிசு.

இன்னொன்னு, ஆரம்பத்துல வர்ற அழற்சி உடம்போட எதிர்ப்புதான். அதையே முழுசா அமுக்கிட்டா வைரஸுக்குதான் லாபம். அதனால லைவ் வாக்சின் (வலு குறைச்ச உயிருள்ள வைரஸ் தடுப்பூசி) போட்ட சமயத்துல இந்த மாதிரி எதையும் நான் எழுதிக் குடுக்கறதில்ல.

தீவன ஃபார்முலேஷன் ஆளு:
குர்குமின் தண்ணில கரையாதுங்க. மஞ்சத்தூள டேங்க்ல போட்டா அடியில படிஞ்சு, கோழி தண்ணி குடிக்கிற நிப்பிள் குழாய அடைக்கும், கோழிக்கு ஒண்ணும் போய்ச் சேராது. அதுவும் போக மஞ்சத்தூள்ல குர்குமின் 2 லேர்ந்து 5 சதவீதம்தான், ஆராய்ச்சிக் கட்டுரையில சுத்தமான எக்ஸ்ட்ராக்ட வச்சு செஞ்சத படிச்சுட்டு தூள அதே கணக்குல போட்டா எப்படி சரி வரும். உள்ள போனதுலயும் பாதிக்கு மேல குடல் சுவர்லயும் கல்லீரல்லயும் மாறி வெளிய போயிடும். எண்ணெயோட சேத்து தீவனத்துல குடுத்தா கொஞ்சம் பரவால்ல. மிளகுல இருக்குற பைப்பரின் சேத்தா உறிஞ்சறது கூடும், ஆனா அது கூட குடுக்குற மத்த மருந்தோட அளவையும் ரத்தத்துல ஏத்திவிடலாம், டாக்டர கேக்காம சேக்காதீங்க. ஓமத்துல இருக்குற தைமால் மாதிரி எண்ணெய் சத்து எடுக்கறதா இருந்தா பூச்சு போட்டதா பாத்து வாங்குங்க, இல்லனா தீவனத்த குருணையா அழுத்துற பெல்லட் சூட்டுலயே ஆவியா போயிடும்.

லேயர் அனுபவம்:
தம்பி, மூலிகை அப்புறம். மொதல்ல ஷெட்டுக்குள்ள குனிஞ்சு கோழி மூக்கு உயரத்துல மோந்து பாருங்க, கண்ணு எரியுதா? அமோனியா அங்கதான் நிக்கும், 25 பிபிஎம் தாண்டினாலே சீலியாவுக்கு கெடுதல். ஐபி ஏற்கனவே அத அழிச்சு வச்சிருக்கு, லிட்டர் (தரையில போட்ட உமி, மரத்தூள் படுக்கை) ஈரமா கிடந்தா எந்தச் சத்து போட்டும் சத்தம் நிக்காது. செத்ததுல ஒண்ண டாக்டர்கிட்ட குடுத்து அறுத்துப் பாக்கச் சொல்லுங்க. காத்துப் பையில மஞ்சளா தயிர்க்கட்டி மாதிரி இருந்தா ஈ.கோலை மேல ஏறிடுச்சு, அது வேற வைத்தியம். கிட்னி வீங்கி வெளுத்து யூரேட் (வெள்ளையா படியுற யூரிக் உப்பு) தெரிஞ்சா கிட்னிய தாக்குற ஐபி.

பண்ணைக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே, சாயந்திரம் கண்ணு எரியத்தான் செய்யுது. டாக்டர், அதிமதுரம் மட்டுமாவது தண்ணில குடுக்கலாமா? பக்கத்து ஷெட்ல கும்போரோ (ஐபிடி-ன்னு சொல்ற இன்னொரு வைரஸ் நோய்) பயமும் இருக்கு, அதுக்கும் இதெல்லாம் சரியா?

கால்நடை டாக்டர்:
கிளைசிரைசின் தண்ணில ஓரளவு கரையும், எச்எம்ஜிபி1-ன்னு அழற்சிய தூண்டுற ஒரு புரதத்த பிடிச்சு வைக்கும், அந்த வகையில நல்லதுதான். ஆனா மனுஷங்கள்லயே அளவு மீறினா உடம்புல உப்பு தங்கி பொட்டாசியம் குறையும். உங்க கோழிக்கு கிட்னி அடி வாங்கியிருக்கானு தெரியாம அதத் தொடாதீங்க, அறுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். கிட்னினா புரதத்த கொஞ்ச நாள் குறைச்சு எலெக்ட்ரோலைட் குடுக்கறதுதான் முதல் வேல.

கும்போரோ கதையே வேற. அது பர்சாவுல (கோழியோட எதிர்ப்பு சக்தி உறுப்பு) இருக்குற, ஆன்டிபாடி உண்டாக்குற பி செல்கள அழிக்குது, 3 லேர்ந்து 6 வாரக் குஞ்சுக்குதான் ஜாஸ்தி. எதிர்ப்பு சக்தியே உடைஞ்சு போற இடத்துல மூலிகைய நம்பி வாக்சின தள்ளிப் போட்டுடாதீங்க. தாய்க்கோழி கிட்டேர்ந்து வந்த ஆன்டிபாடி எவ்வளவு இருக்குனு பாத்து தேதி குறிக்கணும், ரத்த சாம்பிள் எடுத்துட்டு வாங்க. நடுவுல திடீர்னு கூட்டமா சாவு, கொண்டை நீலமாறது, மூஞ்சி வீங்கறதுனு எதாவது தெரிஞ்சா எதையும் அறுக்காம, எந்தக் கோழியையும் வெளிய அனுப்பாம உடனே கால்நடைத் துறைக்கு சொல்லிடுங்க, பறவைக் காய்ச்சலா இருக்கலாம்.