ஜோ சாக்கோவில் அடுத்து எதை வாங்கலாம்? ஒன்றுதான் வாங்க முடியும்

பாரூர்க்காரன்:
வணக்கம் நண்பர்களே. முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த ஆள் நான், இரும்புக்கை மாயாவியில் ஆரம்பித்து டெக்ஸ் வில்லர் வரைக்கும் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மச்சான் பொங்கலுக்கு வந்தபோது, சண்டை நடக்கும் ஊர்களுக்குப் போய்ச் செய்தியைக் காமிக்ஸாகவே வரைகிற நிருபர் ஜோ சாக்கோவின் 'பாலஸ்தீன்' கொண்டுவந்து கொடுத்தார். அதைப் படித்ததிலிருந்து வேறு காமிக்ஸ் எதிலும் மனசு ஒட்டவில்லை. ஹீரோ கிடையாது, வில்லன் கிடையாது. 1991 கடைசியில் ஒரு நிருபர் போய் இறங்குகிறார், வீடு வீடாக டீ குடிக்கிறார், சேறு மிதிக்கிறார், கேட்டதையெல்லாம் படமாகப் போடுகிறார், அவ்வளவுதான். ஆனால் கசான் என்பவரை விசாரணைக்குப் பிடித்துவைக்கும் அத்தியாயம் இருக்கிறதே, தொடக்கத்தில் பக்கத்துக்கு மூன்று நான்கு கட்டம், நாள் ஆக ஆகக் கட்டங்கள் சிறுத்துக்கொண்டே போய் ஒரு பக்கம் முழுக்கத் தீப்பெட்டி அளவு அறைகளாக ஆகிவிடுகிறது, தலையில் சாக்கை மாட்டிய அதே ஆள் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

அடுத்து எது? ஒவ்வொன்றும் ஆயிரத்தைத் தாண்டுகிறது, அதனால் இந்த வருஷத்துக்கு ஒன்றுதான். உங்களுக்கு எது பிடித்தது, ஏன் என்று சொன்னால் போதும்.

ஓசூர்க் குளிர்:
யோசிக்கவே வேண்டாம், 'சேஃப் ஏரியா கொராஜ்தே'. போஸ்னியப் போரில் செர்பியப் படை சுற்றி வளைத்த ஒரு சின்ன ஊர். 2000-ல் வந்த புத்தகம், மறு வருஷம் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதும் வாங்கியது. விருதை விடுங்கள், 'பாலஸ்தீனில்' சாக்கோ ஒரு வீட்டில் டீ குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார், கொராஜ்தேயில் அப்படி இல்லை. எடின் என்ற நண்பர் புத்தகம் முழுக்கக் கூடவே வருகிறார், அவருடைய அப்பா அம்மா, அக்கம்பக்கம், எல்லாரும் நமக்குப் பழகிவிடுகிறார்கள். முற்றுகைக்குள் இருக்கும் இளம்பெண்கள் இவரிடம் கேட்பது என்ன தெரியுமா, லீவைஸ் 501 ஜீன்ஸ்! மின்சாரம் கிடையாது என்பதால் டிரினா ஆற்றில் மிதக்கும் சக்கரங்களைக் கட்டி ஜனங்களே கரண்ட் எடுக்கிறார்கள். நான் வேலை பார்ப்பது சிப்காட்டில், அந்தப் பக்கத்தை எங்கள் மெயின்டனன்ஸ் ஆட்கள் எல்லாருக்கும் காட்டினேன், இரண்டு பேர் அதை எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று பேப்பரில் வரையவே ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொன்று, சாட்சிகள் பழசைச் சொல்லும் பக்கங்களில் கட்டத்தைச் சுற்றியுள்ள இடம் கறுப்பு, நடப்புக் கதையில் வெள்ளை. புத்தகத்தை மூடிவைத்துப் பக்கவாட்டில் பார்த்தாலே எங்கே எவ்வளவு துயரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அரூர் ரோடு:
கொராஜ்தே நல்ல புத்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 'ஃபுட்நோட்ஸ் இன் காஸா'. நம்ம மாவட்டத்து ஆள் அதைப் படிக்காமல் இருக்கக் கூடாது என்பேன், ஏன் என்று சொல்கிறேன்.

1956 நவம்பரில் காஸாவின் கான் யூனிஸிலும் ராஃபாவிலும் இஸ்ரேல் ராணுவம் செய்த கொலைகள். ஐ.நா. அறிக்கையில் 275 பேர், 111 பேர் என்று இரண்டு எண்கள், அதற்கு மேல் வரலாற்றில் பெரிதாக எதுவும் இல்லை. அரை நூற்றாண்டு கழித்து சாக்கோ போய்க் கிழவர்களையும் கிழவிகளையும் தேடித் தேடி உட்காரவைத்துக் கேட்கிறார். ராஃபாவில் ஆண்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஓடவிட்டு, வாசலில் தடியோடு நின்று தலையில் அடித்தார்கள். அந்த ஒரு வாசலை ஒவ்வொருவரும் சொல்லச் சொல்லத் திரும்பத் திரும்ப வரைகிறார். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு பொருந்தாது, அதையும் மறைக்காமல் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். இடையில் இளவட்டங்கள் சண்டைக்கு வருகிறார்கள், இன்றைக்கு எங்கள் வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறான், நீ 56-ஐப் போய்க் கேட்கிறாயே என்று. அதுவும் புத்தகத்தில் இருக்கிறது.

எனக்கு அதைப் படிக்கும்போது வாச்சாத்திதான் கண்முன் நின்றது. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சித்தேரி மலையடிவாரத்து ஊருக்குள் புகுந்து ஜனங்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அதற்குப் பிறகு தர்மபுரி கோர்ட் தீர்ப்பு வர 2011 ஆகிவிட்டது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள், மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. ஹைகோர்ட் அதை உறுதி செய்தது 2023-ல். அத்தனை வருஷமும் அந்தப் பெண்கள் அதே நாளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, விசாரணையில் ஒரு முறை, குறுக்கு விசாரணையில் ஒரு முறை, பேட்டி எடுக்க வருபவனிடம் ஒரு முறை. கேட்கிறவன் என்ன செய்கிறான் என்ற கேள்வி சாக்கோவுக்கே வருகிறது. ஆதாரம் சேர்க்கிற வேகத்தில் எதிரில் இருக்கும் மனுஷனை விட்டுவிட்டேனே என்று புத்தகத்தின் கடைசியில் வெட்கப்படுகிறார், அப்புறம் வரும் பக்கங்களில் ஒரு வார்த்தை கிடையாது. கொராஜ்தேயில் அந்த இடத்துக்கு அவர் வரவே இல்லை.

தொப்பூர் கணவாய்:
ரெண்டு பேரும் தலையணை கனத்துக்குப் புத்தகம் சொல்கிறீர்கள், பாரூர் அண்ணன் பாவம். எனக்குப் பிடித்தது 'தி கிரேட் வார்'. 1916 ஜூலை 1, முதல் உலகப் போரில் சோம் சண்டையின் முதல் நாள். 24 அடி நீளத்துக்கு மடிப்பு மடிப்பாக விரிகிற ஒரே படம், வசனமே கிடையாது. ஆகவே இங்கிலீஷ் பிரச்சினையும் கிடையாது. ஒரு முனையில் பிரிட்டிஷ் படைத் தளபதி ஜெனரல் ஹேக் காலையில் உலாவுகிறார், மறுமுனையில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். தர்மபுரி மியூசியத்தில் நடுகல் பார்த்திருப்பீர்களே, கீழ்த்தட்டில் சண்டை, மேலே போகப் போகச் செத்தவனைச் சொர்க்கத்துக்குத் தூக்கிப்போவார்கள். சாக்கோவிடம் அந்த மேல்தட்டு மட்டும் இல்லை.

அப்புறம் ஒரு குறை. வட்டக் கண்ணாடி போட்டுக் கண்ணே தெரியாமல் தன்னையே எல்லாப் பக்கத்திலும் வரைந்துகொள்கிறாரே, 'பாலஸ்தீனில்' அது ரொம்ப ஓவர். ஜனங்களின் முகமும் பல்லும் உதடுமாகக் கேலிச்சித்திரம் போல இருக்கும். போகப் போகத்தான் கை அடங்கியது.

ஓசூர்க் குளிர்:
கணவாய், அவர் தன்னை வரைவது பெருமைக்கு இல்லை. இதைச் சொல்கிறவன் வெளியூர்க்காரன், பசித்தால் சாப்பாட்டைத் தேடுகிறவன், பயந்தால் ஓடுகிறவன் என்று காட்டிவிட்டுத்தான் கதைக்குள் போகிறார். அதை எடுத்துவிட்டால் நாங்கள் சொன்னதே உண்மை என்கிற டிவி செய்தி மாதிரி ஆகிவிடும். மற்றபடி அரூர் தோழர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் சிரிக்க வைக்கிற இடம் 'ஃபுட்நோட்ஸில்' குறைவு, எனக்கு அது முக்கியம்.

அரூர் ரோடு:
சிரிப்பு குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். நம்ம நாட்டைப் பற்றி அவர் செய்தது வேண்டுமென்றால் 'ஜர்னலிசம்' தொகுப்பில் உத்தரப்பிரதேசத்துக் குஷிநகர் பற்றி ஒன்று இருக்கிறது, வயலில் எலி வளையைத் தோண்டி எலி சேர்த்துவைத்த தானியத்தை எடுக்கும் முசகர் ஜனங்கள். சின்னதுதான், ஆனால் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், ஊர்ப் பெரிய மனிதர்கள் சுற்றி நின்று பேசவே விடுவதில்லை. 2013 முசாஃபர்நகர் கலவரத்தை வைத்து 'தி ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர் ரயட்' என்று 2025-ல் முழுப் புத்தகமே வந்துவிட்டது. எனக்கு இன்னும் கையில் கிடைக்கவில்லை.

பாரூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அரூர் தோழர் எழுதியதைப் படித்த பிறகு 'ஃபுட்நோட்ஸ்' என்று முடிவு செய்துவிட்டேன். ஓசூர் சார், கொராஜ்தேவை ஒரு மாசத்துக்குக் கடன் கொடுப்பீர்களா? மாங்காய் சீசனில் வீட்டுக்கு ஒரு கூடை அனுப்பிவைக்கிறேன்.

ஓசூர்க் குளிர்:
கூடையைப் பார்த்த பிறகுதான் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி வருவேன், பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். பக்கத்தை மடிக்கக் கூடாது.