மறு: விந்தைப்பேழை – ஆர்கேட் பெட்டிகளுக்கான சொல்

> கைப்பிடியும் உருவமும் வழக்கத்துக்கு மாறாக உள்ள ஆர்கேட் இயந்திரங்களை ‘விந்தைப்பேழை’ எனலாமா?

வணக்கம்.

‘பேழை’ வேண்டாமே. கண்ணாடிப் பேழை என்று நாளிதழில் படித்தாலே உள்ளே யாரோ படுத்திருக்கிறார்கள். காசு போட்டு ஆடும் இந்த வீடியோ கேம் இயந்திரங்களுக்குப் பெட்டி போதும். ‘விந்தை’யும் நிற்காது, ஸ்டீயரிங் வைத்த பெட்டி இன்று யாருக்கு விந்தை?

பெட்டி என்ன செய்கிறது என்பதைப் பெயர் சொல்ல வேண்டும். செகா நிறுவனத்தின் ஹேங்-ஆன் (1985) என்ற பைக் பந்தய ஆட்டத்தின் பெரிய மாடலில், பைக் போன்ற ஒன்றின் மேல் ஏறி உட்கார வேண்டும். வளைவு வந்தால் ஆடுபவர்தான் உடம்பைச் சாய்த்து வண்டியைச் சாய்க்கிறார், மோட்டார் கிடையாது. அதே செகாவின் ஆர்360 (1990) நேர் எதிர். வாரைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தால், திரையில் விமானம் குட்டிக்கரணம் போடும்போது மோட்டார்கள் ஆளையும் தலைகீழாகப் புரட்டிவிடும்.

ஜப்பானியர்கள் இரண்டையும் ‘தாய்கான்’, அதாவது உடலால் உணர்வது, என்று ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். நமக்குத்தான் தன்வினையும் பிறவினையும் கையிலேயே இருக்கின்றனவே! ஆள் ஆட, கூடவே ஆடுவது ஆடுபெட்டி. ஆளைப் பிடித்து ஆட்டுவது ஆட்டுபெட்டி. ஆடுகளம் போல இரண்டும் வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஒற்றுப் போட்டு ‘ஆட்டுப்பெட்டி’ என்று எழுதினால் ஆடு அடைக்கிற பெட்டியாகிவிடும், விக்கிப்பீடியாவில் ஏற்றுபவர்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

செகாவின் இன்னொரு ஆட்டமான ஸ்பேஸ் ஹாரியர் எதில் சேரும் என்று கேட்பீர்கள். அதில் கைப்பிடியை அசைத்தால் மோட்டார்தான் இருக்கையைச் சாய்க்கிறது. ஆகவே ஆட்டுபெட்டி. டேரியஸ் என்ற ஆட்டத்தை இந்தப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம். மூன்று திரைகளைக் கண்ணாடி வைத்து ஒரே அகலத் திரையாகக் காட்டியது அது, காட்சி சம்பந்தப்பட்ட விஷயம்.

சிக்கல் வேறு இடத்தில். டைட்டோவின் ‘சோ சபுதாய் கயேஷி’யில் (2009) குட்டை மேசை ஒன்றைக் கோபத்தோடு தட்டி, கடைசியில் கவிழ்க்க வேண்டும். கைக்கு எதிரே நிஜமாகவே ஒரு மேசை! நாம்கோவின் ப்ராப் சைக்கிளில் (1996) மிதித்தால்தான் பறக்க முடியும். இவற்றில் பெட்டி ஆடவும் இல்லை, ஆட்டவும் இல்லை. ஜாய்ஸ்டிக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் கைப்பிடிக்குத்தான் பெயர் வைக்க வேண்டும். ‘பொருட்பிடி’ என்று யோசித்தேன். மேசைக்குச் சரி, காலால் மிதிப்பதைப் ‘பிடி’ என்பது உறுத்துகிறது. கைக்கும் காலுக்கும் பொதுவாக யாரிடமாவது ஒரு சொல் இருக்கிறதா?