ஷார்ட்கட் வைக்கப்போய் திரை தலைகீழான கதை

கிராணி மகன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடு. வீட்டிலிருந்தே வேலை, சோறு போடுவது விஎஸ் கோட் என்ற, ப்ரோக்ராம் எழுதும் எடிட்டர். ஒரே திருத்தத்தைப் பத்து வரியில் செய்யணும். கண்ட்ரோல்+ஆல்ட்+கீழ் அம்பு அழுத்தினால் அடுத்த வரியிலும் கர்சர் முளைக்கும் என்றார்கள். அழுத்தினேன். திரையே தலைகீழாகிவிட்டது!

பசியாறக் கூப்பிட வந்த அம்மா, நான் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மவுஸோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, "உடைச்சிட்டியாடா?" என்றார். அதே கூட்டில் மேல் அம்பை அழுத்தினால் நேராகிவிடும் என்று தெரிய அரை மணி நேரம். பழைய லேப்டாப், திரையை ஓட்டும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் அந்த விசைகளை முந்திக்கொண்டு பிடித்துக்கொள்கிறது, எடிட்டருக்குப் போய்ச் சேருவதே இல்லை. டிரைவரில் அந்த ஹாட்கீயை, அதாவது ஷார்ட்கட்டை, அணைத்த பிறகுதான் கர்சர் முளைத்தது.

டீச்சரக்கா:
சிரிச்சு முடியல தம்பி. என் கதையில் குற்றவாளி நானேதான். சனிக்கிழமை எங்கள் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகளுக்கு பைத்தான் என்ற ப்ரோக்ராம் மொழி சொல்லித் தருகிறேன், அதே விஎஸ் கோட்டில். கண்ட்ரோல்+கே, அடுத்து கண்ட்ரோல்+எஸ் அழுத்தி ஷார்ட்கட் பட்டியலைத் திறந்து, ஃபைலை ஓட்ட கண்ட்ரோல்+என்டர் என்று வைத்தேன். கீழே புது வரி திறக்கும் வசதி அதில்தான் இருந்தது. போகட்டும், எனக்கு அது வேண்டாம். ஒரு வாரம் சொர்க்கம். கமிட் செய்ய, அதாவது செய்த மாற்றங்களை ஒரு குறிப்போடு பதிந்து வைக்க, அதே விசைதான் என்பதை மறந்துவிட்டேன். அப்புறம் கமிட் செய்தி எழுதிவிட்டு அதை அழுத்தினால் கமிட் ஆகவில்லை, கீழே டெர்மினலில் ப்ரோக்ராம் ஓடுகிறது. திரும்ப அழுத்தினேன், திரும்ப ஓடியது. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருள் கெட்டுவிட்டது என்று அதை அழித்து மறுபடி போட்டேன், என் புத்தியை என்ன சொல்ல!

நாம் வைக்கும் விதி ஏற்கெனவே இருப்பதை மிஞ்சிவிடும். எங்கே செல்லும் என்று ஷார்ட்கட் பட்டியலின் 'வென்' (எப்போது) பகுதியில் சொல்லாவிட்டால் எல்லா இடத்திலும் மூக்கை நுழைக்கும். அதில் 'எடிட்டர்டெக்ஸ்ட்ஃபோகஸ்', அதாவது கர்சர் எடிட்டரில் இருக்கும்போது மட்டும், என்று போட்டேன், கமிட் திரும்பி வந்தது.

கிராணி மகன்:
அக்கா, வைப்பதற்கு முன்னாடியே பார்த்திருக்கலாமே? அந்தப் பட்டியலின் தேடல் பெட்டி ஓரத்தில் கீபோர்டு படம் ஒன்று இருக்கும். அதைத் தட்டிவிட்டு விசையை அழுத்தினால், யார் யார் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டும். என் டிரைவர் மாதிரி வெளியாளை மட்டும் காட்டாது.

டீச்சரக்கா:
பார்த்தேன், நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் உன் கதையைப் பையன்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. இன்றைக்கு வகுப்பில் மூன்று திரை தலைகீழ்.